கழிபொருளும் கலைப்பொருளும்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்படும். அந்நெய்தல் நிலத்துள் முத்தாலும் சங்காலும் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது தூத்துக்குடிக் கடற்கரை. மாலைப் பொழுதில் அக்கரையோரமாக நடந்து செல்வோர் பலவகைப் பொருள்கள் மணலிற் கிடப்பதைக் காண்பர். அலையால் ஒதுக்கப்பட்ட கிளிஞ்சல்கள், வாய் பிளந்த சிப்பிகள், முனை முறிந்த சங்குகள், அறுந்த வலைத் துண்டுகள், நைந்த கயிறுகள், பழம்படகின் பலகைகள் ஆகியன அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றை மிதித்துச் செல்வோர் பலர். குனிந்து எடுத்துப் பார்ப்போர் சிலர். எடுத்ததைக் கீழே போட மனமின்றி இல்லத்திற்குக் கொண்டு செல்வோர் மிகச் சிலர். பிறர் வேண்டாவென்று விட்ட பொருளை இவர்கள் ஏன் விரும்பி எடுக்கின்றனர்? அப்பொருளில் இவர்கள் காண்பது யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல் ஆழ்ந்து எண்ணத்தக்கது. கையால் தொடத்தக்க பண்டமும் பொருள். ஈட்டி வைக்கும் செல்வமும் பொருள். சொல்லின்கண் நின்று விளங்கும் கருத்தும் பொருளே. இம்மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், பண்டம் என்பது வெறும் பண்டமன்று, கருத்தையும் தாங்கி நிற்பது என்பதை உணர்ந்தனர் போலும். ஒரு பானை உடைந்தால் அது நீர் முகத்தற்குப் பயன்படாது. அதன் பயன் ஒழிந்தது. ஆயினும் அதனை வனைந்த குயவனின் கைத்திறமும், அதில் நாள்தோறும் நீர் முகந்த தாயின் உழைப்பும் அவ்வோட்டை விட்டு நீங்குவதில்லை. பயன் அழிந்த பின்னும் அதன் கருத்து எஞ்சி நிற்கின்றது. கழிபொருளிலிருந்து சிற்பம் செய்வோர் அங்ஙனம் எஞ்சி நிற்கும் கருத்தையே கண்டு எடுக்கின்றனர்.

நம் நாட்டுச் சிற்பியர் சிலை செய்தற்குரிய கல்லை மிகுந்த விழிப்புடன் தேர்ந்தெடுப்பது வழக்கம். கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்பர். கீறலோ பிளவோ உளதாவென ஆராய்வர். குற்றமுடைய கல்லை விலக்குவர். இது பெருமைமிக்க மரபாகும். ஆயின், குற்றமுடையது என விலக்கப்பட்டதையே தேடிச் சென்று, அதன் உடைவையும் தேய்வையும் அழகாக மாற்றும் வேறொரு கலையும் உலகில் உண்டு. அக்கலைக்கும் கொற்கைக் கடற்கரைக்கும் உள்ள தொடர்பு பழமையானது.

தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்தில் முற்காலத்தில் விளங்கிய பெருந்துறை கொற்கை. பாண்டியரின் துறைமுகமாகத் திகழ்ந்த அந்நகரைக் கிரேக்க நாட்டுக் கடலோடிகளும் அறிந்திருந்தனர். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுவதோடு, தண்டனை பெற்ற குற்றவாளிகள் அத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகின்றது. மன்னர் மார்பில் மிளிர்ந்த ஒவ்வொரு முத்தின் பின்னும் மூச்சடக்கிக் கடலடி சென்ற ஓர் ஏழையின் துன்பம் மறைந்திருந்தது என்பதை இதனால் அறியலாம். பின்னாளில் ஆறு கொணர்ந்த மண் படிந்து படிந்து கடல் விலகிச் சென்றது. பண்டைத் துறைமுகம் இன்று வயல் சூழ்ந்த சிற்றூராகக் கடலுக்குச் சில கல் தொலைவில் உள்ளது.

கொற்கையில் முத்தேயன்றிச் சங்குத் தொழிலும் சிறந்திருந்தது. கடலிலிருந்து எடுத்த சங்கினை வாள்போன்ற அரத்தால் குறுக்கே அறுத்து வளையல் செய்வர். ஒரு சங்கிலிருந்து சில வளையல்களே கிடைக்கும். கூரிய தலைப்பகுதியும், நடுத்தண்டும், வாய்ப்பகுதியும் வளையலுக்கு உதவா, அவை கழிக்கப்படும். தூத்துக்குடியில் முத்து, சங்கு ஆகியவற்றின் குளிப்பினை மேற்பார்த்து வந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கில அறிஞர், இத்தகைய அறுத்த சங்குத் துண்டுகளைக் கொற்கையிற் கண்டு, 1914-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் அவற்றைக் குறித்துள்ளார். 1968, 1969-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறையினர் அங்கு நடத்திய அகழாய்விலும் சங்கு அறுத்த எச்சங்கள் கிடைத்தன. அரண்மனைகள் மறைந்தன, மரக்கலங்கள் மறைந்தன, அணிந்த வளையல்களும் மறைந்தன. ஆனால், தொழிலாளர் வேண்டாவென்று எறிந்த துண்டுகள் நிலைத்து நின்று, அவர் தொழிலுக்குச் சான்று பகர்கின்றன. கழிக்கப்பட்டதே காலத்தை வென்றது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கும் உண்மையாகும்.

இக்கழிபொருளின் அழகைச் சங்கப் புலவர் ஒருவர் அன்றே கண்டுள்ளார். அகநானூற்றின் 24-ஆம் பாடலைப் பாடியவர் ஆவூர் மூலங்கிழார். பகன்றைக் கொடியில் முறுக்கவிழாத வெண்ணிற மொட்டைக் கண்ட அவருக்கு, வளையல் அறுத்தபின் எஞ்சிய சங்கின் தலைப்பகுதி நினைவுக்கு வந்தது. இரண்டும் வெண்மையுடையன, இரண்டும் முறுக்குடையன. அறுப்போன் குப்பையில் எறிந்த துண்டு, புலவரின் கண்ணில் மலரப்போகும் மொட்டாயிற்று! கல்லும் உளியும் இன்றிச் சொல்லினாலேயே கழிபொருளைக் கலைப்பொருளாக்கினார் அவர். கழிபொருட் சிற்பத்தின் உயிர்நிலை இவ்வுவமையிலேயே அடங்கியுள்ளது. பொருளை மாற்றுவதற்கு முன் அதனைப் பார்க்கும் பார்வை மாறவேண்டும் என்பதே அது.

வளையலுக்கும் மாந்தர் உணர்ச்சிக்கும் உள்ள உறவு மிகப் பெரிது. கருவுற்ற பெண்ணுக்கு வளைகாப்பு நிகழ்த்தி மகிழ்வது தமிழர் வழக்கம். தலைவனைப் பிரிந்த தலைவியின் கைகள் மெலிய, வளைகள் கழன்று வீழ்வதாகப் புலவர் பாடுவது அகப்பொருள் மரபு. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்திற்கு அனுப்பப்பட்டன. அங்குச் சங்கு வளையல் மணமகளுக்குரிய மங்கல அணியாகும். மன்னார் வளைகுடாவில் மூழ்கி எழுந்த ஒருவரின் உழைப்பு, முன்பின் அறியாத தொலைநாட்டு மணமகளின் கையிற் சென்று விளங்கியது. மகிழ்ச்சியில் அணிவதும், துயரில் கழற்றுவதும், பெருந்துயரில் உடைப்பதும் வளையலே. ஆதலின், உடைந்த வளையல் துண்டு ஒன்று கையில் அகப்படுமாயின், அது யாரோ ஒருத்தியின் வாழ்வில் ஒரு நாளைக் குறிக்கின்றது என்று கொள்ளலாம்.

உடைந்த அணிகலன் பேசியதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பிற் பரலாக இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். முழுமையாக இருந்தவரை அச்சிலம்பு யாருடையது என்பது விளங்கவில்லை. உடைந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. உடைந்தது ஊமையாகிவிடும் என்று எண்ணுதல் பிழை. கேட்கும் செவியுடையார் முன் அது முன்னினும் தெளிவாகப் பேசும்.

உடைந்த வளையல்களின் பேச்சைக் கேட்டு, அவற்றிற்கு உருவம் தந்த கலைஞர் ஒருவர் அண்மைக் காலத்தில் வட இந்தியாவில் வாழ்ந்தார். அவர் பெயர் நேக் சந்த். அவர் 1924-ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியிற் பிறந்தார். இளமையில் அவர் அன்னையார் அரசர், அரசியர், தேவர் ஆகியோரைப் பற்றிய கதைகளை அவருக்குக் கூறி வந்தார். 1947-ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்தபொழுது, எண்ணற்ற குடும்பங்களைப்போல அவர் குடும்பமும் பிறந்த மண்ணை விட்டு இந்தியாவிற்கு வந்தது. வீடும் நிலமும் ஊரும் ஒருங்கே கைவிட்டுப்போயின. பின்னர் அவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சண்டிகரில் பணியமர்ந்தார்.

பஞ்சாபின் பழைய தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாகிவிட்டமையால், அம்மாநிலத்திற்குப் புதிய தலைநகராகச் சண்டிகர் அமைக்கப்பட்டது. லெ கார்புசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதனைத் திட்டமிட்டார். நேர் நேரான வீதிகளும் பெரிய மாளிகைகளும் எழுந்தன. ஆனால், அவை எழுதற்காக அங்கிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அகற்றப்பட்டன. இடித்த வீடுகளின் ஓடுகள், உடைந்த பீங்கான்கள், அடுப்புக் கற்கள், முறிந்த வளையல்கள் முதலியன குவியல் குவியலாகக் கிடந்தன. மற்றவர் அவற்றைக் குப்பை என்று கண்டனர். சொந்த ஊரை இழந்து வந்த நேக் சந்தோ, அவற்றை மற்றவரைப்போல் கடந்து செல்லவில்லை. எடுத்துச் சேர்க்கத் தொடங்கினார்.

ஏறத்தாழ 1957-ஆம் ஆண்டில் அவருடைய அரும்பணி தொடங்கியது. பகலெல்லாம் அலுவல், அலுவல் முடிந்தபின் மிதிவண்டியில் ஏறிச் சென்று உடைந்த பொருள்களையும் விந்தை வடிவுடைய கற்களையும் திரட்டுவார். சுக்னா ஏரிக்கு அருகில், எவரும் கட்டடம் எழுப்பக்கூடாதென்று விலக்கி வைத்திருந்த காட்டுப் பகுதியின் பள்ளத்தாக்கு ஒன்றில் அவற்றைச் சேர்த்து வைத்தார். இரவில் பழைய உருளைப்பட்டைகளை எரித்து, அவ்வொளியில் வேலை செய்தார். காரையால் உருவங்களைப் படைத்து, அவற்றின்மேல் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் பதித்தார். அரசர், அரசியர், ஆடுவோர், பாடுவோர், குடஞ்சுமக்கும் மகளிர், குரங்கு, மயில் என வரிசை வரிசையாக உருவங்கள் எழுந்தன. அன்னை சொன்ன கதைகளின் நாடு ஒன்று அக்காட்டினுள் மெல்ல மெல்ல உருப்பெற்றது.

அவர் சிற்பக் கல்லூரியிற் பயின்றவரல்லர். எவரும் அவரை ஏவவுமில்லை. எவரும் கூலி கொடுக்கவுமில்லை. மேலும், அப்பணி சட்டத்திற்கு மாறானது. வெளிப்பட்டால் அலுவல் போகும். படைத்தவை யாவும் இடிக்கப்படும். ஆதலின், ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவர் அதனை மறைவாகவே செய்துவந்தார். புகழ் வேண்டிச் செய்பவன் மறைவிற் செய்யான்; பொருள் வேண்டிச் செய்பவன் குப்பையிற் செய்யான். தம் நெஞ்சில் நிறைந்திருந்த ஒன்றை வெளியே நிறுத்திக் காண வேண்டும் என்னும் வேட்கையே அவரை இயக்கியிருத்தல் வேண்டும்.

1975-ஆம் ஆண்டில் அரசு அலுவலர் அவ்விடத்தைக் கண்டனர். அப்பொழுதே அது ஏறத்தாழ 12 ஏக்கர் அளவில் முற்றங்களும் பாதைகளும் நூற்றுக்கணக்கான சிலைகளும் உடையதாய் விளங்கியது. முறைப்படி பார்த்தால் அதனை இடித்தல் வேண்டும். ஆயினும் கண்டோர் உள்ளம் அதற்கு இசையவில்லை. 1976-ஆம் ஆண்டில் அது பொதுமக்கள் காண்பதற்காகத் திறக்கப்பட்டது. அவருக்கு ஊதியமும், துணைக்கு 50 தொழிலாளர்களும் அளிக்கப்பட்டனர். 1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1990-ஆம் ஆண்டை ஒட்டிச் சாலை அமைத்தற்பொருட்டு அதன் ஒரு பகுதியை இடிக்க முற்பட்டபொழுது, நகர மக்களே திரண்டு நின்று தடுத்தனர். குப்பையாற் செய்த உருவங்களைக் காப்பதற்கு மாந்தர் தம் உடலை அரணாக்கி நின்றனர். ‘ராக் கார்டன்’ எனப்படும் அப்பாறைத் தோட்டம் நாளடைவில் ஏறத்தாழ 40 ஏக்கராக விரிந்தது. நேக் சந்த் 2015-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அச்சிலைகளைக் காண்போர் உள்ளம் ஏன் நெகிழ்கின்றது? அவற்றின் முகங்கள் எளியவை. பல்லவர், சோழர் காலச் சிலைகளில் உள்ள நுண்மை அவற்றில் இல்லை. ஆயினும், நடன மகளிரின் ஆடையாகப் பளபளப்பவை உடைந்த கண்ணாடி வளையல்கள் என்று அறிந்தவுடன் பார்வை மாறுகின்றது. ஒரு சிலையின் ஆடையில் எத்தனை பெண்களின் வளையல்கள்! அவற்றுள் மணநாளில் அணிந்தது எது? குழந்தை இழுத்து உடைத்தது எது? பெயரறியாத பலருடைய வாழ்வின் துணுக்குகள் ஓர் உருவில் ஒன்றுகூடி நிற்கின்றன. புதிய வண்ணக் கற்களைக் கடையில் வாங்கிப் பதித்திருந்தால் ஒளி மிகுந்திருக்கலாம், இவ்வுணர்ச்சி எழுந்திராது.

இதனை மூவகையாகப் பகுத்துணரலாம். முதலாவது நினைவு, பொருள் தன்னைப் பயன்படுத்தினாரை நினைவூட்டுகின்றது. இரண்டாவது உழைப்பு, அதனை முதலில் செய்தவர் உழைப்பும், மீண்டும் உருவாக்கியவர் உழைப்பும் அதில் இரட்டித்து நிற்கின்றன. மூன்றாவது இரக்கம், தள்ளப்பட்ட ஒன்று மீண்டும் சிறப்பெய்துவதைக் காணும்பொழுது, உலகத்தால் தள்ளப்பட்டார்க்கும் சிறப்புண்டு என்னும் ஆறுதல் உள்ளத்தில் தோன்றுகின்றது. ஊரிழந்து வந்த ஒருவர், ஊரிழந்தோர் விட்டுச் சென்ற ஓடுகளைக்கொண்டு புதியதோர் ஊரையே படைத்தார். இழப்பு ஒழியவில்லை, ஆனால் அது வடிவம் பெற்றது. வடிவம் பெற்ற துயரத்தைத் தாங்குதல் எளிது.

இஃது இந்திய நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த சைமன் ரோடியா என்னும் தொழிலாளி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் 1921-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை, 33 ஆண்டுகள் தனியொருவராக உழைத்துக் கோபுரங்கள் எழுப்பினார். அவற்றுள் உயர்ந்தது ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுடையது. உடைந்த ஓடுகள், புட்டிச் சில்லுகள், கடற்சிப்பிகள் ஆகியவற்றை அவற்றின்மேல் பதித்தார். அவை உறுதியற்றவை என்று கருதி இடிக்க நினைத்த நகராட்சியினர், 1959-ஆம் ஆண்டில் பெருவிசையால் இழுத்துச் சோதித்தனர். கோபுரம் அசையவில்லை, இழுத்த பொறியே பழுதுற்றது. பிறந்த நாட்டை நீங்கிச் சென்ற எளியவர் கையால் கடற்சிப்பியும் வானளாவியது.

கடற்சிப்பி என்றவுடன் நினைவு மீண்டும் தூத்துக்குடிக்குத் திரும்புகின்றது. அங்கு முத்துக்குளிப்போர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, கயிற்றின் துணையால் கடலடியில் உள்ள பார்களுக்குச் சென்று சிப்பிகளை வாரி வருவர். மேலே கயிறு பிடித்திருப்பவன் கையில்தான் அவர் உயிர் இருக்கும். திரட்டிய சிப்பிகளுள் முத்துடையவை மிகச் சிலவே. எஞ்சிய ஓடுகள் மலைபோற் குவியும். முத்தை உலகம் போற்றியது. ஓட்டை எவரும் எண்ணவில்லை. தூத்துக்குடியில் பழைய முறையிலான பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அத்தொழிலில் மூழ்கியோரின் பெயர்களைப் பொறித்த நூல் இல்லை. அவர் கைபட்ட சிப்பி ஓடுகளே அவருக்குரிய எழுதா வரலாறு எனலாம்.

முத்துத்தானும் ஒருவகையில் கழிபொருளிற் பிறந்த கலைப்பொருளே. சிப்பியினுள் சிறு உயிரியோ வேறு அயற்பொருளோ புகுந்து உறுத்தும்பொழுது, அதனை வெளியேற்ற இயலாத சிப்பி, தன் உடலிலிருந்து சுரக்கும் ஒளிமிக்க பொருளால் அதனைச் சுற்றிச் சுற்றிப் பூசுகின்றது. உறுத்தியதே முத்தாகின்றது. 1973-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் சிப்பியினுள் சிறுமணியைக் கருவாக வைத்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். அக்கருமணியைச் சங்கின் ஓட்டிலிருந்தே கடைந்தெடுக்கும் முறையும் வகுக்கப்பட்டது. சங்கின் ஒரு துணுக்கு முத்தின் நெஞ்சாகும் விந்தையை எண்ணுக. நெஞ்சை உறுத்திய பிரிவுத் துயரைச் சுற்றி அழகைப் பூசிய நேக் சந்தின் செயலும் இதனை ஒத்ததன்றோ?

தூத்துக்குடிக்குப் பெருமை தந்த வ. உ. சிதம்பரனார் வரலாற்றிலும் இக்கருத்திற்கு ஒரு சான்றுண்டு. 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கழகம் நிறுவி, ஆங்கிலேயர்க்கு எதிராகக் கப்பலோட்டிய அப்பெருமகனார், 1908-ஆம் ஆண்டில் சிறைப்பட்டார். கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கினை அவர் இழுக்க நேர்ந்தது. அச்செக்கு இன்று நினைவுப் பொருளாகக் காக்கப்படுகின்றது. எண்ணெய் ஆட்டும் கருவியாக மட்டும் நோக்கின், அது காலங்கடந்த பழம்பொருளே. ஆனால், அதன் முன் நிற்போர் கண் கலங்குகின்றனர். அதனை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. ஒரு தியாகியின் தோள்களே அதனைச் சிற்பமாக்கின. பொருளுக்கு உணர்ச்சியை அளிப்பது அதன் விலையன்று, அதனோடு பிணைந்த வாழ்வே என்பதை இது தெளிவுறக் காட்டுகின்றது.

இக்கலையைப் போற்றுவோர் ஓர் எல்லையையும் மறத்தலாகாது. கழிபொருள் வேறு, உயிர்ப்பொருள் வேறு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய இயற்கைச் சிற்பங்கள். முன்னாளில் அவற்றை வெட்டிச் சுண்ணாம்பிற்கும் வீடு கட்டுதற்கும் பயன்படுத்தினர். அரணாக நின்ற பாறைகள் குறைந்தமையால் அலை நேரே மோதி மணலை அரித்தது. வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கின. 2001-ஆம் ஆண்டில் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் சேர்க்கப்பட்டது. ஆகவே, அழகுப் பொருள் செய்தற்காக உயிருள்ள சங்கையோ சிப்பியையோ பவளத்தையோ கொல்லுதல் கலையன்று, கொலையே. அவ்வாறே, சிலை செய்யலாம் என்று கருதிக் குப்பையைப் பெருக்குதலும் அறிவுடைமை ஆகாது. நேக் சந்த் குப்பையை விரும்பியவரல்லர். குப்பையென ஒதுக்கப்பட்டதன் மதிப்பை உணர்ந்தவர்.

இக்காலத்தில் கடல் ஒதுக்கும் பொருள்களின் தன்மை மாறிவிட்டது. சிப்பியும் சங்கும் ஒதுங்கிய மணலில் இன்று நெகிழிப் புட்டிகளும் பைகளும் ஒதுங்குகின்றன. கடலில் கைவிடப்பட்ட செயற்கை இழை வலைகள் நெடுநாள் மக்காமற் கிடந்து, ஆமைகளையும் மீன்களையும் சிக்கவைத்துக் கொல்கின்றன. பவளப்பாறைகளையும் போர்த்து நலிவிக்கின்றன. அவற்றைத் திரட்டிக் கரையேற்றுதல் கடலுக்குச் செய்யும் தொண்டு. திரட்டியவற்றால் ஓர் ஆமையின் உருவத்தைச் சமைத்து ஊர் நடுவே நிறுத்துவாராயின், அது காண்போர் நெஞ்சில் நூறு அறிவுரைகளினும் ஆழப் பதியும். எவ்வலை ஆமையைக் கொன்றதோ அவ்வலையே ஆமைக்காகப் பரிந்து பேசும்.

மாணவர்கள் இக்கலையைத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. முற்றத்திலோ தெருவிலோ கடற்கரையிலோ கிடக்கும் ஒரு பொருளை எடுத்து, மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் போதும். இதனைச் செய்தவர் யார்? இதனைப் பயன்படுத்தியவர் யார்? இது ஏன் கைவிடப்பட்டது? முதல் வினா உழைப்பை மதிக்கக் கற்பிக்கும். இரண்டாவது பிறர் வாழ்வை எண்ணிப் பார்க்கக் கற்பிக்கும். மூன்றாவது தம் வழக்கங்களைத் தாமே ஆராயக் கற்பிக்கும். இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடியபின் கையில் உள்ள பொருள் முன்போல் தோன்றாது. அதற்கு என்ன உருவம் தரலாம் என்பதை அப்பொருளே உணர்த்தும்.

கொற்கைத் தொழிலாளி எறிந்த சங்குத் துண்டு, புலவருக்கு மொட்டாயிற்று, அறிஞருக்கு வரலாறாயிற்று, முத்து வளர்ப்போர்க்குச் சங்கின் ஓடு கருவாயிற்று. சண்டிகரில் இடிந்த வீடுகளின் ஓடுகள் ஓர் உலகமாயின. ஒரே பொருளைக் காண்பவர் உள்ளத்திற்கு ஏற்ப அது குப்பையாகவும் தோன்றும், செல்வமாகவும் விளங்கும். கழிந்தது பயனே, பொருள் அன்று. இவ்வுண்மையை உணர்ந்தவர் உடைந்த பொருளை இகழார். உடைந்த உள்ளத்தையும் இகழார். தளர்ந்த முதியோரையும், வாழ்விடம் இழந்து வந்தோரையும் வேண்டாதவர் என ஒதுக்கார். கழிபொருட் சிற்பம் கண்ணுக்குக் காட்டுவது அழகு. நெஞ்சிற்குக் கற்பிப்பது அருள். அவ்வருள் உள்ளத்தோடு தூத்துக்குடிக் கடற்கரையில் நடப்பவர்க்கு, மணலில் கிடக்கும் முறிந்த சங்கும் ஒலிக்கும்.